உங்கள் தெருக் காற்றுக்கு மரம் தரும் சர்டிபிகேட்!

செட்டிநாட்டுக் கோழிக் குழம்புக்கு மசாலா வறுக்கும்போது பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூவோடு, கறுப்பும் சாம்பலுமாகச் சருகு போல ஒன்றையும் கிள்ளிப் போடுவீர்களே... கல்பாசி! அது என்ன பொருள் என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா? இலையா? பூவா? மரப்பட்டையா? பெயரில் இருக்கிற மாதிரி பாசியா?

இதில் எதுவுமே இல்லை. அது ஒரு 'லைக்கன்'.

பள்ளிக்கூடத்தில் அமிலத்தில் முக்கினால் சிவப்பாகவும், காரத்தில் முக்கினால் நீலமாகவும் மாறுமே லிட்மஸ் தாள்... அந்தச் சாயமும் ஆதியில் லைக்கனிலிருந்து எடுத்ததுதான். சமையலறையிலும் பள்ளிக்கூட லேபிலும் நமக்குப் பழக்கமான இந்த லைக்கன் இன்னொரு வேலையும் செய்கிறது. நீங்களும் உங்கள் குழந்தைகளும் சுவாசிக்கிற காற்று எப்படி இருக்கிறது என்று சொல்கிறது! சம்பளம் கேட்காமல், கரண்ட் இல்லாமல், வருடம் 365 நாளும்!

"மரத்தில் ஒட்டியிருக்கிற ஒரு சொறிக்கும் என் மூச்சுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்கிறீர்களா? வாங்க, விவரமாகப் பார்க்கலாம்.

ஒரே வீட்டில் இரண்டு பேர்

மாமரத்தையோ தென்னை மரத்தையோ கிட்டே போய்ப் பாருங்கள். பட்டையில் வெள்ளை, சாம்பல், வெளிர் பச்சை நிறத்தில் வட்டம் வட்டமாகத் திட்டுகள் தெரியும். யாரோ சுண்ணாம்பைத் தெளித்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். மரத்துக்கு ஏதோ தோல் வியாதி என்று நினைத்துச் சுரண்டி எடுப்பவர்களும் உண்டு. பாவம், அது வியாதியே இல்லை. லைக்கன் மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. உட்கார ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். அதனால்தான் பாறையிலும் பழைய ஓட்டுக் கூரையிலும்கூட வளருகிறது.

லைக்கன் தனி ஒரு உயிர் இல்லை. ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்துகிற கூட்டுக் குடித்தனம்! பூஞ்சை வீட்டைக் கட்டித் தருகிறது. ஈரத்தைப் பிடித்து வைத்து, வெயிலிலிருந்து காப்பாற்றுகிறது. உள்ளே குடியிருக்கும் பாசி சூரிய வெளிச்சத்தில் சமைத்துப் போடுகிறது. 1867-ல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த சைமன் ஷ்வென்டனர் என்ற தாவரவியல் அறிஞர் இந்த உண்மையைச் சொன்னபோது, பெரிய பெரிய நிபுணர்களே ஒப்புக்கொள்ள மறுத்துவிட்டார்கள்.

லைக்கனில் முக்கியமாக மூன்று வகை. ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1. ஓடு வகை: பெயின்ட் அடித்தது போலப் பட்டையோடு பட்டையாக ஒட்டியிருக்கும். நகத்தால் பிரிக்க வராது.

2. இலை வகை: சின்னச் சின்ன இலைகளாக, ஓரம் சற்றே தூக்கிக்கொண்டு இருக்கும். நம்ம கல்பாசி இந்த ரகம்தான்.

3. தாடி வகை: நூல் நூலாகக் கிளைகளில் தொங்கும். ஊட்டி, கொடைக்கானல் சோலைக் காடுகளுக்குப் போனவர்கள், மரத்துக்கு நரைத்த தாடி முளைத்தது போலத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள்.

வடிகட்டி இல்லாத உடம்பு

மற்றச் செடிகொடிகளுக்கு வேர் உண்டு. இலையின் மேல் மெழுகுப் பூச்சு உண்டு. மூடித் திறக்கிற நுண்துளைகள் உண்டு. லைக்கனுக்கு இது ஒன்றுமே கிடையாது! தண்ணீர், சாப்பாடு எல்லாமே மழையிலிருந்தும் பனியிலிருந்தும் காற்றில் வரும் தூசியிலிருந்தும்தான். உடம்பு முழுக்க வாய் என்று வைத்துக்கொள்ளுங்களேன். நல்லது வந்தாலும் குடிக்கும், விஷம் வந்தாலும் குடிக்கும். வேண்டாததை உதறித் தள்ள இலை உதிர்க்கும் வசதியும் இல்லை.

அது மட்டுமா? வளர்ச்சியும் ரொம்ப மெதுவு. பல லைக்கன்கள் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். ஓடு வகையில் ஒரு மில்லிமீட்டர்கூட வளராதவை உண்டு. உள்ளங்கை அகலத் திட்டு ஒன்று பல வருடக் காற்றைக் குடித்து வளர்ந்தது என்று அர்த்தம்.

நிலக்கரியும் டீசலும் எரியும்போது வெளிவரும் கந்தக டை ஆக்ஸைடு என்ற வாயு, லைக்கனுக்குள் இருக்கும் பாசியின் பச்சையத்தைக் கெடுத்துவிடும். சமைத்துப் போடுகிறவர் படுத்துவிட்டால் குடும்பம் என்ன ஆகும்? பூஞ்சையும் பட்டினியில் சாகும். இதில் தாடி வகைதான் ரொம்ப மென்மையானது. பொதுவாக அது முதலில் மறையும். அடுத்தது இலை வகை. கடைசிவரை தாக்குப்பிடிப்பது ஓடு வகை.

இதே வாயு நம் மூச்சுக்குழாய்க்குள் போனால் அங்கே சுருக்கமும் எரிச்சலும் உண்டாக்குகிறது. ஆஸ்துமாக்காரர்களுக்குச் சில நிமிடங்களிலேயே இழுப்பு வரவும் வாய்ப்புண்டு. லைக்கனுக்கு ஆகாத காற்று நமக்கும் ஆகாது என்று சொல்வது இதனால்தான்.

பாரிஸ் பூங்காவில் நடந்த கதை

1859-லேயே இங்கிலாந்தில் லியோ கிரிண்டன் என்பவர் மான்செஸ்டர் பக்கம் லைக்கன்கள் குறைந்துபோனதைக் கவனித்து, தொழிற்சாலைப் புகைதான் காரணம் என்று எழுதினார். அடுத்து 1866-ல் வில்லியம் நைலாண்டர் என்ற பின்லாந்துக்காரர், பாரிஸின் லக்ஸம்பர்க் பூங்காவில் மரம் மரமாகத் தேடி முப்பதுக்கும் மேற்பட்ட லைக்கன் வகைகளைக் கண்டுபிடித்தார். நகரத்தின் மற்ற இடங்களில் அவை இல்லை. காற்று ஆரோக்கியமாக இருக்கிறதா என்று அளந்து சொல்லும் கருவி இது என்று அப்போதே சொன்னார்.

முப்பது வருடம் கழித்து, 1896 வாக்கில், அதே பூங்காவில் ஒரு லைக்கன்கூட இல்லை. நிலக்கரிப் புகை அத்தனையையும் துடைத்துவிட்டது! பிறகு நிலக்கரி குறைந்து காற்று தேறியதும், ஏறக்குறைய நூறு வருடம் கழித்து லைக்கன்கள் அங்கே திரும்பி வந்துவிட்டதாக 1991-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். போனது திரும்பி வரும் என்பதற்கும் இது ஒரு சாட்சி.

1926-ல் சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரை ஆராய்ந்த ருட்கர் செர்னாண்டர், ஊரின் நடுவில் மரங்களில் எதுவுமே ஒட்டியிராத பகுதிக்கு 'லைக்கன் பாலைவனம்' என்று பெயர் வைத்தார். அதைச் சுற்றி அரைகுறையாக உயிர்வாழும் 'போராட்ட வட்டம்'. அதற்கும் வெளியே எல்லாம் செழிப்பாக இருக்கும் பகுதி.

லண்டனில் 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை நிலக்கரிப் புகையும் மூடுபனியும் சேர்ந்து ஊரையே மூடியது. அப்போதைய கணக்குப்படியே சுமார் 4,000 பேர் உயிரிழந்தார்கள். பிற்கால ஆய்வுகள் அதைவிடப் பல மடங்கு என்கின்றன. 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. 1970-ல் ஹாக்ஸ்வொர்த், ரோஸ் என்ற இரு விஞ்ஞானிகள் 0 முதல் 10 வரை ஓர் அளவுகோல் தயாரித்தார்கள். மரத்தில் என்ன லைக்கன் இருக்கிறது என்று பார்த்தே காற்றில் கந்தக டை ஆக்ஸைடு எவ்வளவு என்று சொல்லிவிடலாம். ஒரு கன மீட்டர் காற்றில் 170 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் மரத்தின் அடியில் பச்சைப் பாசி மட்டும்தான் மிஞ்சும். தாடி வகை செழித்துத் தொங்கினால் பத்துக்குப் பக்கத்தில் மார்க் போடலாம்!

நம்ம கொடைக்கானலில்...

"இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க் கதை" என்று ஒதுக்கிவிடாதீர்கள். நம் கொடைக்கானலிலேயே லைக்கன் சாட்சி சொல்லியிருக்கிறது.

அங்கே 1980-களில் அமெரிக்காவிலிருந்து இயந்திரங்களைக் கொண்டுவந்து ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. தெர்மாமீட்டருக்குள் பளபளவென்று ஓடுமே, அந்தப் பாதரசம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. பக்கத்தில் இருப்பவருக்கு அதைச் சுவாசிப்பதே தெரியாது. தொடர்ந்து சுவாசித்தால் கை நடுக்கம், தூக்கமின்மை, ஞாபக மறதி, ஈறு வீக்கம் வரலாம். சிறுநீரகம் பழுதாகலாம். வயிற்றில் வளரும் சிசுவின் மூளையையும் பாதிக்கலாம்.

2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் பகுதிப் பழைய சாமான் கடை ஒன்றில் பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடிகள் குவிந்து கிடந்தது வெளிச்சத்துக்கு வந்தது. ஊர் மக்கள் திரண்டு போராட, தொழிற்சாலை மூடப்பட்டது.

சரி, பாதரசம் மதில் சுவரைத் தாண்டி ஊருக்குள் போனதா, இல்லையா? காற்று அன்றன்றைக்குக் கலைந்து போய்விடுமே, பழைய காற்றை எங்கே போய்ப் பிடிப்பது? ஐதராபாத்தில் உள்ள, அணுசக்தித் துறையைச் சேர்ந்த ஆய்வு மையத்து விஞ்ஞானிகள் மரங்களைத் தேடிப் போனார்கள். கொடைக்கானல் மரங்களிலிருந்து லைக்கனையும் பாசியையும் எடுத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்கத் தொலைவில் காட்டுக்குள் இருக்கும் பேரிஜம் ஏரிப் பக்கத்திலிருந்தும் எடுத்தார்கள். 2003-ல் முடிவு வெளியானது. பேரிஜத்தைவிட ஊர்ப் பக்கத்து லைக்கனில் பாதரசம் மிக அதிகம்! யாரும் அளக்காமல் விட்ட காற்றை லைக்கன் சேமித்து வைத்திருந்தது.

அதே 2003-ல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. தொழிலாளர்களின் உடல்நலப் பாதிப்பு குறித்து நிறுவனத்துக்கும் அவர்களுக்கும் இடையே நீண்ட காலம் வழக்கு நடந்தது. 2016-ல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு சமரச ஒப்பந்தம் கையெழுத்தானது. மூடியதற்கும் ஒப்பந்தத்துக்கும் நடுவே பதினைந்து வருடம்!

பெங்களூரு லால்பாக் தோட்டத்திலும் லக்னோ தேசிய தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் லைக்கனில் சேர்ந்துள்ள உலோகங்களை அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் லைக்கனின் சிநேகிதனான மரப்பாசி இதே வேலையைச் செய்தது. 2013-ல் ஊர் முழுவதும் 346 இடங்களில் பாசியைச் சேகரித்துச் சோதித்தபோது, வண்ணக் கண்ணாடி செய்யும் ஆலை ஒன்றின் அருகில் காட்மியம் எக்கச்சக்கமாக இருந்தது. அதன் பிறகே அங்கே காற்று அளக்கும் கருவியை வைத்தார்கள். பாசி சொன்னது சரிதான்!

நுரையீரல் வரைபடம்

1997-ல் இத்தாலியைச் சேர்ந்த சிஸ்லாகி, நிமிஸ் என்ற இருவர் 'நேச்சர்' பத்திரிகையில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வெனெட்டோ மாநிலத்தில் 600-க்கும் மேற்பட்ட இடங்களில் மரங்களில் உள்ள லைக்கன் வகைகளை எண்ணி ஒரு வரைபடம் போட்டார்கள். அதே மாநிலத்தில் பிறந்து வளர்ந்த, அதிக வயதாகாத ஆண்கள் நுரையீரல் புற்றுநோயால் இறந்த விவரத்தை வைத்து இன்னொரு வரைபடம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், லைக்கன் வகைகள் குறைந்த பகுதிகளிலேயே புற்றுநோய் மரணமும் அதிகம்!

இங்கே ஒரு விஷயத்தை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். லைக்கன் இல்லாததால் புற்றுநோய் வரவில்லை. இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. நுரையீரல் புற்றுநோய்க்கு முதல் எதிரி இன்றைக்கும் பீடி, சிகரெட்தான். ஆனால் மாசுபட்ட வெளிக்காற்றும் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2013-ல் அறிவித்துவிட்டது. வெளிக்காற்று மாசால் 2019-ல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 42 லட்சம் பேர் அகால மரணம் அடைந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இதில் பலர் இறந்தது மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும். நுண்தூசி நுரையீரலோடு நிற்பதில்லை, ரத்தக் குழாய்களையும் பதம் பார்க்கிறது.

நீங்களே பரிசோதிக்கலாம்!

இங்கிலாந்தில் 2009-ல் பள்ளிப் பிள்ளைகளையும் பொதுமக்களையும் வைத்தே நாடு முழுவதும் லைக்கன் கணக்கெடுத்தார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளோடு நீங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கலாம். தேவை ஒரு அட்டை, ஸ்கேல், பூதக்கண்ணாடி, நோட்டுப் புத்தகம்.

* 10 செ.மீ. அகலம், 50 செ.மீ. நீளத்தில் அட்டையில் ஜன்னல் மாதிரி வெட்டுங்கள். நூல் கட்டி ஐந்து சதுரங்களாகப் பிரியுங்கள்.

* மூன்று இடங்களைத் தேர்ந்தெடுங்கள்: பஸ், லாரி ஓடும் மெயின் ரோடு, உங்கள் தெரு, ஊருக்கு வெளியே ஒரு தோப்பு.

* மூன்று இடத்திலும் ஒரே ஜாதி மரமாக இருக்கட்டும். மா என்றால் எல்லாமே மா. நேராக நிற்கும், நல்ல வெளிச்சம் படும் முதிர்ந்த மரமாகப் பாருங்கள்.

* தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் அட்டையை வைத்து, நான்கு திசையிலும் பாருங்கள். எத்தனை வகை, ஒவ்வொன்றும் எத்தனை சதுரத்தில் இருக்கிறது என்று எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை; 'சாம்பல் இலை', 'வெள்ளை ஓடு' என்று எழுதினால் போதும்.

* சாலையோர மரங்களுக்குச் சுண்ணாம்பும் காவியும் அடித்திருப்பார்கள். அதற்கு மேலே பாருங்கள்.

* மழை விட்டதும் போனால் நல்லது. ஈரம் பட்டதும் லைக்கன் பச்சையாக விழித்துக்கொள்ளும், சுலபமாகத் தெரியும்.

* அடுத்த வருடம் அதே மாதத்தில், அதே மரங்களை மறுபடி பாருங்கள். சுரண்டி எடுக்க வேண்டாம்.

தோப்பில் ஐந்தாறு வகை, உங்கள் தெருவில் மூன்று, மெயின் ரோட்டில் ஒன்றும் இல்லை என்றால், காற்றைப் பற்றி விசாரிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

அவசர முடிவு வேண்டாம்

சென்னையையோ மதுரையையோ கொடைக்கானலோடு ஒப்பிடாதீர்கள். சமவெளி வெயிலில், சுத்தமான காற்றிலும் தாடி வகை வராது. யூகலிப்டஸ், கொய்யா மாதிரி பட்டை உரியும் மரங்களில் லைக்கன் நிலைக்காது. இளம் மரத்திலும் குறைவாகவே இருக்கும்.

லைக்கன் இருந்துவிட்டால் காற்று சுத்தம் என்றும் நினைக்காதீர்கள். தென்னையிலும் மாவிலும் நம் ஊர்களில் சர்வசாதாரணமாக இருக்கும் சாம்பல் நிற இலை வகை ஒன்று, புகையை நன்றாகவே தாங்கும். சில வகைகள் மாட்டுத் தொழுவம், உரம் இவற்றிலிருந்து வரும் அம்மோனியாவில் கொழுத்து வளரும். அதனால் எத்தனை வகை என்பதைப் பாருங்கள். ஒரே வகை மரம் முழுக்கப் பரவியிருந்தால் அதற்குப் பாஸ் மார்க் கிடையாது.

முக்கியமாக, நுண்தூசி இன்றைக்கு எவ்வளவு என்று லைக்கன் சொல்லாது. அதற்குக் கருவிதான் வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் காற்றுத் தரக் குறியீட்டை செல்போனிலேயே பார்க்கலாம். 50 வரை நல்லது. 100 வரை திருப்தி. 200-ஐத் தாண்டினால் மோசம். பக்கத்தில் கருவியே இல்லாத ஊர்களுக்குத்தான் லைக்கன் பேருதவி.

உடம்பைக் காப்பாற்ற...

1. மார்கழி, தை மாதக் காலையில் புகையும் தூசியும் மேலே கலையாமல் தரையோடு தங்கிவிடும். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் வெயில் ஏறிய பிறகு, மெயின் ரோட்டை விட்டு உள் தெருவில் வாக்கிங் போகலாம்.

2. போகிக்கு டயர், பிளாஸ்டிக் எரிக்காதீர்கள். குப்பையைத் தெருமுனையில் கொளுத்துவதும் அதே பாவம்தான்.

3. வீட்டுக்குள்ளும் புகை உண்டு. கொசுவர்த்தி, விறகடுப்பு எரியும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும். கைக்குழந்தை அந்த அறையில் வேண்டாம்.

4. நுண்தூசியைக் கைக்குட்டை தடுக்காது. புகை அதிகமான நாளில் வெளியே போயே ஆகவேண்டும் என்றால் 'என்-95' முகமூடி அணியலாம்.

5. குழந்தைக்கு இரவிலும் அதிகாலையிலும் இருமல், ஓடினால் இழுப்பு, அடிக்கடி சளி... இதெல்லாம் இருந்தால் கை வைத்தியத்தோடு நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள். இன்ஹேலர் கொடுத்தால் பயப்படாமல் அவர் சொன்னபடி பயன்படுத்துங்கள்.

6. வீட்டில் பழைய பாதரசத் தெர்மாமீட்டர் உடைந்தால், துடைப்பத்தால் கூட்டாதீர்கள், உருண்டைகள் சிதறும். குழந்தைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து, ஃபேனை நிறுத்துங்கள். மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு (பாதரசம் தங்கத்தில் ஒட்டிக்கொள்ளும்), கையுறை போட்டுக்கொண்டு கெட்டி அட்டையால் உருண்டைகளைச் சேர்த்து, மூடியுள்ள பாட்டிலில் போட்டு இறுக மூடுங்கள். வாஷ்பேசினில் கொட்டவே கூடாது.

கல்பாசி சாப்பிடலாமா?

இவ்வளவும் படித்துவிட்டு, "அப்போ குழம்பில் கல்பாசி போடலாமா, வேண்டாமா?" என்று கவலைப்படுகிறீர்களா? தாராளமாகப் போடுங்கள். ஒரு குழம்புக்கு ஒரு சிட்டிகைதானே! நம்பகமான கடையில் வாங்குங்கள். தூசி தட்டி, சுத்தம் செய்து போடுங்கள். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: தெரு மரத்திலும் தொழிற்சாலைப் பக்கத்து மரத்திலும் இருப்பதைச் சுரண்டி எடுத்துச் சமையலுக்கோ மருந்துக்கோ பயன்படுத்தாதீர்கள். அது எத்தனை வருடத்து ஈயத்தையும் புகையையும் சேர்த்து வைத்திருக்கிறதோ!

நாளைக்குப் பிள்ளையை ஸ்கூல் பஸ் ஏற்றிவிடக் காத்திருக்கும்போது, பக்கத்து மரத்தை ஒரு நிமிடம் பாருங்கள். திட்டுகள் இருக்கின்றனவா, எத்தனை வகை என்று எண்ணுங்கள். பிள்ளைக்கும் காட்டிக் கொடுங்கள்.